உறுதியின் இரண்டாம் பிரதி

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியை இழந்தவர்கள் எம்மிடையே பலர். உறுதி தொலைந்ததால் உரிமையும் தொலைந்ததென மனஞ்சோரத் தேவையில்லை. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் விபரம் பிரதேச செயலகப் பேரேட்டில் பதியப்படுகிறது.

ஒல்லாந்தர் காலக் காணித் தோம்புகள் தேசிய சுவடிகள் கூடத்தில் இன்றும் உள்ளன. ஆனால், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில், வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகள் அழிந்தே போயின.

எனவே, காணியின் பெயர், உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதுவோம். அயலவரின் உறுதியில் எல்லைக்காரராக எமது பெயர் இருக்கலாம், அதையும் பார்ப்போம். பதிவகத்தில் பிரதி பெற்று, இரண்டு இடங்களில் வைப்போம்.