அணுக்கருக் கல்வியும் பல்கலைக்கழகத் தேர்வும்

உலகிலுள்ள பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் கரு ஒன்று உண்டு. கொடைரோட்டை மையமாகக் கொண்டு 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பேரணு ஒன்றைக் கற்பனை செய்வோமாயின், அதன் கரு ஏறத்தாழ ஒரு மாம்பழத்தின் அளவே இருக்கும். ஆயினும், அணுவின் நிறை பெரும்பாலும் அச்சிறு கருவினுள்ளேயே அடங்கியுள்ளது. 1911-ஆம் ஆண்டில் இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர் ரூதர்போர்டு என்னும் அறிஞர். கருவின் இயல்பை ஆராயும் கல்வியே அணுக்கரு இயற்பியல்.

இக்கல்வியை விரும்பும் மாணவர் எப்பல்கலைக்கழகத்தை நாடுதல் வேண்டும்? புகழ்பெற்ற பெயரொன்றைத் தேடி ஓடுதல் பலரது வழக்கம். ஆனால் பெயர் பாடம் கற்பிப்பதில்லை. ஆசிரியரும் ஆய்வுக்கூடமுமே கற்பிக்கின்றன. ஓமி பாபா 1927-இல் பொறியியல் பயிலவே கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே டிராக் கணிதம் கற்பித்தார். காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்கு ரூதர்போர்டு தலைமை தாங்கினார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்ததும் அங்கேதான். அத்தகையோர் சூழலில் வாழ்ந்த பாபா, பொறியியலை முடித்தபின் இயற்பியலையே தம் துறையாகக் கொண்டார். மேகநாத சாகாவோ இக்கல்வியைக் கல்கத்தாவில் வேரூன்றச் செய்தார். அவர் முயன்று அமைத்த ஆய்வுநிலையம் 1950-இல் திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயராலேயே விளங்குகின்றது.

பட்டப்படிப்பு வேறு, ஆராய்ச்சி வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். முதற்பட்டத்திற்கு வேண்டுவன இயற்பியலிலும் கணிதத்திலும் உறுதியான அடிப்படைகளே. இவற்றைக் கொடைரோட்டு மாணவர் அருகிலுள்ள காந்திகிராமத்திலோ, மதுரைக் கல்லூரிகளிலோ பெறலாம். முதுகலைக் கல்விக்கு 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் உண்டு. அஃது இன்று காமராசர் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அணுக்கரு இயற்பியலுக்கெனத் தனித்துறையே உள்ளது. பின்னர், நுழைவுத்தேர்வுகளின் வாயிலாகக் கல்பாக்கம், மும்பை, கொல்கத்தா ஆகிய இடங்களிலுள்ள ஆராய்ச்சி நிலையங்களை அடையலாம்.

அணுத்துகள்களை மிகு வேகத்தில் செலுத்தும் முடுக்கிப்பொறி பெருஞ்செலவுடையது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதனை அமைத்தல் இயலாது. ஆகவே, பல்கலைக்கழகங்கள் யாவும் பயன்படுத்துமாறு புதுதில்லியில் பொதுநிலையம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. அங்குச் சென்று ஆய்வு நடத்தும் ஆசிரியர் ஒருவர் சிறிய பல்கலைக்கழகத்தில் இருப்பினும், அவரிடம் பயிலும் மாணவர் பேறுபெற்றவரே.

எனவே, விண்ணப்பிக்குமுன் சில வினாக்களுக்கு விடை காண்க. ஆசிரியர்கள் எதனை ஆராய்கின்றனர்? ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் உளவா? அவற்றை மாணவர் தம் கையால் இயக்க இடமுண்டா? முன்பு பயின்றோர் இப்போது எங்குள்ளனர்? கட்டணமும் விடுதிச் செலவும் எவ்வளவு? உதவித்தொகை கிடைக்குமா?

இறுதி வினாக்களை இழிவாக எண்ணற்க. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைத் தொலைவிற்கு அனுப்பும் பெற்றோர் பலர். அக்கடன் வெறும் பெயருக்காக ஆகுமாயின், குடும்பமும் தளரும், கல்வியும் குன்றும். அருகிலுள்ள நல்லாசிரியரிடம் அடிப்படைகளை ஐயமறக் கற்று, திறமையால் மேல்நிலையங்களை அடைதலே அறிவுடைமை. ஆராய்ச்சி மாணவர்க்கு அங்கே உதவித்தொகையும் வழங்கப்படுகின்றது. சிற்றூரில் பிறந்தமை இக்கல்விக்குத் தடையன்று. தேராது தெளிதலே தடையாகும்.