முதுமை: ஊரிலும் நகரத்திலும்

தமிழ்நாடு வேகமாக முதிர்ந்து வருகிறது. 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான அரசுக் கணிப்பில் அது 13.6. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதற்கு மேல்.

கிராமத்து முதியவருக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. களை எடுத்தும் நடவு நட்டும் காலம் தள்ளியவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி ஏது? உடம்பு தளர்ந்த பிறகும் நாலு ஆடு மேய்ப்பார்கள், நூறு நாள் வேலைக்குப் போவார்கள். மாதந்தோறும் ரொக்கமாக வருவது, ஊரில் ஓ.ஏ.பி. என்று சொல்லப்படும் முதியோர் உதவித்தொகை ஒன்றுதான். 1962-இல் 20 ரூபாயாகத் தொடங்கிய இது 2023 முதல் 1,200 ரூபாய். இதில் 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே. அது பல ஆண்டுகளாக உயராமலிருப்பது நியாயமே இல்லை. சிறு தொகைதான். ஆனாலும் வெற்றிலை பாக்குக்கும் பேரன் கேட்கும் மிட்டாய்க்கும் மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது, குறிப்பாகக் கணவரை இழந்த பெண்களுக்கு, சோற்றுக்குச் சமமானது. ஊரில் இன்னொரு துணையும் உண்டு: திண்ணையில் உட்கார்ந்திருந்தால், ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. இல்லாதது மருத்துவமனை. மூட்டு வலியோடு பஸ் மாறிப் போய் வருவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

நகரத்தில் நிலைமை தலைகீழ். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 60 வயதானவர்கள் மாநகரப் பேருந்தில் மாதம் பத்துமுறை கட்டணமின்றிப் போகலாம். ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவதும், கடைகள் அடைத்த நடைபாதையைக் கடப்பதும் அவர்களால் ஆகிற காரியமா? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, குளியலறையில் வழுக்கி விழுந்தவரை வேலைக்கு வரும் பெண் மறுநாள் பார்த்தால்தான் உண்டு.

இரண்டு இடத்துக்கும் பொருந்தும் வழி, சேவை வீடு தேடி வருவது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறது.

கைவிடப்பட்டவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளைகள் கவனிக்காவிட்டால் திரும்பப் பெறவும் வழியுண்டு. எனவே செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 14567.