காய்ச்சலுக்கு லீவ் ஓகே... மனசு சரியில்லைன்னா?

லீவ் லெட்டர்னு சொன்னதும் நம்ம கை தானா எழுதுற வரி, ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’தான். தூக்கமே வரலை, கிளாஸை நினைச்சாலே படபடப்பா இருக்குன்னு யாராவது எழுதியிருக்கோமா? எழுதினா, ‘படிக்கச் சோம்பல்’னு பட்டம் கிடைக்கும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2019-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. மாணவர்களே முன்னின்று கேட்டு வாங்கிய சட்டம் அது. இல்லினாய்ஸில் 2022 முதல் வருடத்துக்கு 5 நாள்கள் மனநல விடுப்பு; டாக்டர் சர்டிஃபிகேட் தேவையில்லை. இரண்டாவது நாளுக்குப் பிறகு, பள்ளியின் ஆலோசகரிடம் மாணவரை அனுப்பலாம்.

இங்கே என்ன நிலைமை?

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையில் மனநோயையும் உடல்நோயையும் சமமாக நடத்தச் சொல்கிறது. ஆனால், ஆஸ்பத்திரியில் கிடைக்கும் அந்தச் சமத்துவம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் வரை வரவில்லை. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது.

அரியலூருக்கு இதன் அவசரம் தெரியும். பிளஸ் டூ-வில் 1,176 மார்க் எடுத்த குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் இழந்த மாவட்டம் இது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு இன்று அவர் பெயர். ஓர் இழப்புக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். லீவ் மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால், ‘என்னால முடியலை’ன்னு ஒரு பிள்ளை வெட்கப்படாமல் சொல்ல, அது ஒரு வழி.

லீவ் மட்டும் போதுமா?

போதாது. பெரம்பலூர் பக்கம் பருத்தி, மக்காச்சோளக் காட்டு வேலைக்கு அப்பா, அம்மா கிளம்பிவிட்டால், லீவ் போட்ட பிள்ளை வீட்டில் தனியாகத்தான் இருக்கும். அதனால், விடுப்போடு சேர்த்துப் பள்ளியிலிருந்து ஒரு போன், ஆலோசகரோடு ஒரு பேச்சு, விட்ட பாடத்தைப் பிடிக்க அவகாசம் என மூன்றும் வேண்டும். அரசு விதி போட்டால்தான், இது நல்ல டீச்சர் அமைந்த பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இல்லாமல், எல்லாருக்கும் கிடைக்கும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். கூடப் படிக்கிற யாராவது அடிக்கடி ‘காய்ச்சல்’னு லீவ் எடுத்தா, நோட்ஸ் அனுப்புறதோட நிறுத்தாம, ‘நீ எப்படி இருக்கே?’ன்னும் கேளுங்க.