அபிமானிகளுக்கு உரிமை இல்லையா?

வடசேரி கனகமூலம் சந்தையில் ஒரு கடை இடம் பெயர்ந்தால், வாங்குவோர் அடுத்த கடைக்குப் போய்விடுவர், பெரிய நஷ்டமில்லை. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய ஆட்டக் கோஷ்டி பெயர்ந்துவிட்டால் அதன் அபிமானி எங்கே போவான்? சரக்குக்கு மாற்று உண்டு. அபிமானத்திற்கு மாற்று ஏது?

இது நமக்கு அந்நியமான விஷயமன்று. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் பந்தயம் ஆரம்பமானபோது முதற் கோப்பையை வென்றது, தூத்துக்குடியின் பெயர் பூண்ட டூட்டி பேட்ரியாட்ஸ். 2021-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அதே கோஷ்டி சேலம் ஸ்பார்டன்ஸ் என்ற நாமத்துடன் களமிறங்கிற்று. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று; காஞ்சி வீரன்ஸ், நெல்லை ராயல் கிங்ஸ் ஆயிற்று. வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் ஆட்டம் காணும் நாஞ்சில் நாட்டார், நெல்லைக்கு ஒரு கோஷ்டி கிடைத்ததென மகிழலாம். ஆனால் நாம் பெற்றது காஞ்சி இழந்ததன்றோ? காஞ்சிக்கு நேர்ந்தது நெல்லைக்கு நேராதென்று யார் உறுதி கூறுவர்?

முதலாளிகள் பணம் போடுகின்றனர், நஷ்டத்தையும் சுமக்கின்றனர். என்றென்றும் ஓரிடத்திலேயே இருக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்துவது நியாயமாகாது. எனினும் அவர்கள் விற்பது வெறும் ஆட்டத்தையன்று. ஊர்ப் பெயரையும் சேர்த்தே விற்கின்றனர். அப்பெயர் அவர்கள் முதல் போட்டு உண்டாக்கியதன்று.

இங்கிலாந்தில் 2002-இல் விம்பிள்டன் கால்பந்துக் கோஷ்டி மில்டன் கீன்ஸுக்குப் பெயர அனுமதி பெற்றது. அபிமானிகள் புலம்பி ஓயவில்லை. அவ்வாண்டிலேயே தாமே புதிய கோஷ்டி அமைத்து, 2020-இல் பிளௌ லேன் என்னும் பழைய இருப்பிடத்திற்கே திரும்பினர். 2025-இல் அத்தேசம் இயற்றிய கால்பந்து நிர்வாகச் சட்டம், சுயேச்சையான அதிகார ஸ்தாபனத்தின் சம்மதமின்றிக் கோஷ்டிகள் தம் மைதானத்தை விட்டகலலாகாதென விதிக்கிறது. நமது தேசத்திலோ 2019-இல் டெல்லி டைனமோஸ் கால்பந்துக் கோஷ்டி புவனேசுவரம் சென்று ஒடிஷா எப்.சி. ஆயிற்று. டெல்லி அபிமானிக்கு முறையிட ஒரு வாசலும் இருக்கவில்லை.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தாரை நாம் வேண்டுவது மூன்று. கோஷ்டி பெயருமுன் ஒரு பருவகாலம் முன்னதாகவே பகிரங்க அறிவிப்பு வேண்டும். ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்டு, வாங்க முன்வரும் உள்ளூராருக்கு முதற் சந்தர்ப்பம் அளித்தல் வேண்டும். கோஷ்டி சென்றாலும் பழைய பெயரும் வெற்றிச் சரித்திரமும் அவ்வூருக்கே உரியனவாதல் வேண்டும்.

ஆடுவோர் மாறுவர், முதலாளிகளும் மாறுவர். மாறாதிருப்பவன் அபிமானி ஒருவனே. அவனை ஒரு வார்த்தை கேளாமல் அவனது ஊரின் பெயரை உதறியெறிவது எவ்விதத்திலும் தர்மமாகாது.