வெளியேற்றக் கட்டளைக்குப் பிறகு

ஒன்ராறியோவில் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சபையிடமிருந்து வெளியேற்றக் கட்டளை வந்ததும் பலர் சொல்வது இதுதான்: "கோர்ட்டுக்குப் போய் நடந்ததை முழுக்கச் சொல்லுவம்." மேன்முறையீட்டில் அதற்கு இடமில்லை. 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 210ஆம் பிரிவின்படி, சட்டப் பிழை இருந்தால் மட்டுமே டிவிஷனல் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் வீடு என்று வைத்துக்கொள்வோம். மகள் வந்து இருக்கப்போகிறாள் என்று வீட்டுக்காரர் என்12 அறிவித்தல் கொடுக்கிறார். "மகள் வரமாட்டா, வாடகையைக் கூட்டத்தான் என்னை எழுப்புகிறார்" என்கிறார் வாடகைக்கு இருப்பவர். சபை உறுப்பினர் வீட்டுக்காரரை நம்பிவிட்டார். எவ்வளவு வயிறெரிந்தாலும், யாரை நம்புவது என்பது உறுப்பினரின் முடிவு. கோர்ட் அதில் கைவைக்காது. ஆனால் வருத்தக்காரத் தாயைத் தான் பராமரிப்பதாக வாடகைக்கு இருப்பவர் சொல்லியும், வெளியேற்றத்தை மறுக்கவோ பிற்போடவோ நியாயம் உண்டா என்று உறுப்பினர் யோசிக்கவே இல்லையென்றால் கதை வேறு. 83ஆம் பிரிவு அதை யோசித்தே ஆகவேண்டும் என்கிறது. யோசிக்காமல் விட்டது சட்டப் பிழை. தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காததும் அப்படித்தான்.

கட்டளை கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும். செய்தால் வெளியேற்றம் பொதுவாகத் தானாகவே நிற்கும். ஆனால் அது ஷெரீப் அலுவலகத்துக்குத் தானாகத் தெரியவராது. கோர்ட்டில் நிறுத்தச் சான்றிதழ் பெற்று அங்கே சேர்ப்பிக்கவேண்டும். இதைப் பிந்தவிடுவது ஆபத்து. ஷெரீப்பைத் தவிர வேறு யாருக்கும், வீட்டுக்காரருக்கும்கூட, கட்டளையைக் காட்டிப் பூட்டை மாற்ற அதிகாரமில்லை.

வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது. வாடகை கட்டாமல் காலத்தைக் கடத்த மேன்முறையீட்டைப் பாவித்தவர்களின் வழக்குகளைக் கோர்ட் தள்ளுபடி செய்திருக்கிறது. உண்மையான குறை உள்ளவரையும் அந்தச் சந்தேகத்தோடு பார்க்கவைப்பது அவர்கள்தான்.

நியாயமான காரணத்தால் விசாரணைக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: சபையிடமே மீளாய்வு கேட்பது. கோர்ட்டைவிடச் செலவு குறைவு என்பதால் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வேன். ஆனால் மீளாய்வு கேட்டதும் வெளியேற்றம் நின்றுவிடாது. நிறுத்திவைக்கும்படி தனியாகக் கேட்கவேண்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூக சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. போகும்போது கட்டளை, அது வந்த மின்னஞ்சல், அறிவித்தல்கள், வாடகை கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் கேட்பது கட்டளை எந்த நாளில் உங்களுக்குக் கிடைத்தது என்பதைத்தான்.