பழைய காரின் ஏசித் திருகுகள் என்ன செய்கின்றன?

மாருதி 800, ஜென், சான்ட்ரோ போன்ற பழைய கார்களின் டேஷ்போர்டு நடுவில் மூன்று நான்கு திருகுகளோ, தள்ளும் லீவர்களோ இருக்கும். ஒன்றில் காற்றின் வேகத்துக்கான எண்கள். இன்னொன்றில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டை. மற்றொன்றில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் முகத்துக்கும் காலுக்கும் போகும் அம்புக்குறிகள். காரின் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்பும் லீவர் ஒன்றும், ஏசி பொத்தானும் கூடவே இருக்கும். நம்மில் பெரும்பாலோர் ஏசி பொத்தானையும் காற்றின் வேகத்தையும் மட்டும்தான் தொடுகிறோம். மற்றவை வண்டி வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே கிடக்கின்றன. மழைக்கால இரவிலும் மலைப்பாதையிலும் நமக்குக் கைகொடுப்பவை அவைதான்.

வீட்டு ஏசியில் 24 என்று வைத்தால், அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் அது தானே அடங்கிவிடும். பழைய காரில் அந்த ஏற்பாடு இல்லை. காருக்குள் எவ்வளவு சூடு என்று அளக்கும் கருவியே அதில் கிடையாது. ஒவ்வொரு திருகும் பின்னால் இருக்கும் கேபிளை இழுத்து ஒரு மடலைத் திறக்கும் அல்லது மூடும். இல்லையென்றால் ஒரு மின்இணைப்பைக் கொடுக்கும். அளந்து பார்ப்பதும் முடிவெடுப்பதும் ஓட்டுபவரின் பொறுப்பு.

காற்று போகும் வழியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் ஓரத்தில் இருக்கும் துளைகள் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. புளோயர் அதைத் தள்ள, முதலில் அது கூலிங் காயில் வழியாகப் போகிறது. ஏசி போட்டிருந்தால் அந்தக் காயிலுக்குள் குளிர்பதனத் திரவம் கொதித்து வாயுவாகிக்கொண்டிருக்கும். 1990களின் நடுவிலிருந்து கார்களில் பரவலான ஆர்-134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதிப்பதற்கான வெப்பத்தை அது காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்வதால்தான் காற்று குளிர்கிறது.

அடுத்து வருவது ஹீட்டர் கோர். குட்டி ரேடியேட்டர் என்று சொல்லலாம். என்ஜினைச் சுற்றி வரும் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி இதற்குள்ளும் ஓடுகிறது. இந்த வெப்பம் எப்படியும் ரேடியேட்டர் வழியாக வீணாகப் போகிற வெப்பம்தான். எனவே ஹீட்டருக்கென்று தனியாகப் பெட்ரோல் செலவில்லை. நீலம்-சிவப்புத் திருகு, குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு இந்த ஹீட்டர் கோரைத் தொட்டு வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. குளிப்பதற்கு வாளியில் வெந்நீர் விளாவுவதைப் போன்ற வேலை. சில வண்டிகளில் மடலுக்குப் பதிலாக, சூடான கூலன்ட்டின் ஓட்டத்தையே கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும்.

கோடையில் பலர் செய்யும் ஒரு காரியம் இங்கேதான் புரியும். ஏசி அதிகமாகக் குளிர்ந்தால் திருகைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். இதனால் கம்ப்ரசரின் வேலை குறைவதில்லை. அது முழுமூச்சாகக் குளிரவைத்த காற்றை ஹீட்டர் மறுபடி சூடாக்குகிறது, அவ்வளவுதான். அதற்குப் பதில் புளோயர் வேகத்தைக் குறையுங்கள். காயிலுக்கு வரும் காற்று குறையும். அது சீக்கிரமே உறைநிலையை நெருங்கும். பனிக்கட்டி படியாமல் இருக்க அங்கே வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தும். காதைக் கொடுத்துக் கேட்டால் கம்ப்ரசர் கிளட்ச் ‘டிக்’கென்று ஒட்டுவதும் விடுவதும் கேட்கும். அது விட்டிருக்கும் நேரமெல்லாம் பெட்ரோல் மிச்சம்.

அம்பு வளையும் லீவர் காற்று எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு. உட்காற்றில் வைத்தால் ஏற்கெனவே குளிர்ந்த காற்றே திரும்பத் திரும்பக் குளிரும். கோடை மதியத்துக்கும், புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நேரத்துக்கும் இது சரி. ஆனால் வெயிலில் நின்ற காரில் ஏறியதுமே இதைப் போடாதீர்கள். உள்ளே வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் கூடுதலான சூடு இருக்கக்கூடும். கண்ணாடிகளை இறக்கி, சற்று தூரம் ஓட்டி, அந்த அனலை வெளியேற்றிய பிறகு மூடுங்கள். நாலைந்து பேர் மணிக்கணக்காக உட்காற்றிலேயே போனால் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும்; அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுவது அவசியம். நிறுத்திய காரில் ஏசியை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகைக்குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உள்ளே வந்து உயிரைப் பறிக்கும். உட்காற்றில் வைத்திருப்பது அதற்குப் பாதுகாப்பு ஆகாது.

இனி முன்கண்ணாடி. மழையில் குன்னூர் மலைப்பாதை ஏறும்போது கண்ணாடியின் உட்புறம் மங்குகிறதென்றால், நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது என்று பொருள். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. அம்புத் திருகைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், ஏசியைப் போடுங்கள், வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் தள்ளுங்கள். குளிரில் ஏசி எதற்கு என்று தோன்றும். கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது. ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி விரைவில் தெளிந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போடுவதற்கு நியாயம் உள்ள இடம் இதுதான்.

கடற்கரைச் சாலையில் புழுக்கமான இரவில் நடப்பது வேறு. அங்கே கண்ணாடியின் வெளிப்புறம் மங்கும். குளிர்காற்று கண்ணாடியில் பட்டு அது சில்லிட்டுவிட, வெளியில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. வைப்பரை ஒருமுறை போட்டதும் தெளிந்தால் ஈரம் வெளியில்தான். காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கு மாற்றினால் போதும்.

பிரித்தெடுத்த ஈரம் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கடியில் சொட்டும். நிறுத்திய இடத்தில் தெளிந்த தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம். அது சொட்டாமல், முன்சீட்டில் இருப்பவரின் கால்மிதி நனைந்தால் குழாய் அடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடலில் முதன்முதலாக ஏசி பொருத்தி விற்றபோது அதை நிறுத்த ஒரு சுவிட்சுகூட இல்லை; என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1954இல் நாஷ் நிறுவனம் ஹீட்டரையும் ஏசியையும் ஒரே தொகுப்பாக முன்பக்கம் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1964 மாடலில் கேடிலாக் தானியங்கிக் கட்டுப்பாட்டை அறிமுகப்படுத்தியது. இடைப்பட்ட அந்தக் கையால் இயக்கும் முறைதான் பல பத்தாண்டுகள் சாதாரணக் கார்களில் நிலைத்து நின்றது. அதன் பெரிய நன்மை, பழுது எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் அசையவில்லையா? பெரும்பாலும் ரிசிஸ்டர் எரிந்திருக்கும். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. முழு வேகத்துக்கு நேராகப் போகிறது. ஏசி காற்று வெதுவெதுப்பாக வருகிறதா? கேஸ் நிரப்பப் பணம் கொடுப்பதற்கு முன் வெப்பத் திருகின் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நழுவி மடல் முழுதாக மூடாமல் போனாலும் இதே கதைதான். காருக்குள் இனிப்பான வாசனையும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், சில பட்டறைகளில் ஹோஸை நேராக இணைத்து ஹீட்டரையே துண்டித்துவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்பது அவர்கள் வாதம். இதை நான் ஏற்கவில்லை. மலையேற்றத்தில் என்ஜின் சூட்டு முள் சிவப்பை நெருங்கும்போது, ஏசியை அணைத்து ஹீட்டரையும் புளோயரையும் முழுதாகத் திறந்தால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கு காருக்குள் இறங்கும். வியர்த்துக் கொட்டினாலும், பத்திரமாக ஓரங்கட்டும் வரை அது தாங்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒவ்வொரு திருகையும் முழுதாக இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். காற்று இடம் மாறுகிறதா, சிவப்பில் உண்மையாகவே சூடு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.