நூலும் ஆடையும் படமும்

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரு சொல்லே பஞ்சின் இழையையும் புலவர் ஆக்கும் ஏட்டையும் குறிக்கும். ‘படம்’ என்பதும் சீலைக்கும் சித்திரத்திற்கும் பொதுப்பெயர். நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மகளாகவும் உவமித்துக் காட்டும். படிப்பதும் உடுப்பதும் பார்ப்பதும் ஒரே பண்பாட்டின் மூன்று முகங்கள் என்னும் உண்மை இவ்வாறு மொழியினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றது.

இவ்வுண்மையை இலங்கையில் அழுத்தமாக எடுத்துரைத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கைக்கு மீண்ட அவர், பாறைகளைத் தேடிச் சென்ற ஊர்களில் நலிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1905இல் அவர் வெளியிட்ட சிறுநூல், தம் உடையை விடுத்து ஐரோப்பிய உடையை மேற்கொண்டோரைக் கண்டித்தது. உடை பற்றி இத்துணைக் கவலை ஏன் என்பது ஆராயத்தக்கது. அயல்நாட்டுத் துணி கப்பலில் வந்திறங்க, ஊர் நெசவாளனின் தறி ஓய்கின்றது. தறி ஓயவே, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வடிவங்களும் வண்ண அறிவும் அவனோடு மறைகின்றன. சிங்களரின் இடைக்காலக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் அவர் கையச்சுப் பொறியில் 425 படிகளே அச்சிடுவித்தார். கைத்திறனைப் போற்றும் நூல், தானே கைத்திறனுக்குச் சான்றாயிற்று.

அங்ஙனமாயின், புறத்தேயிருந்து வருவன யாவும் விலக்கத்தக்கனவோ? இவ்வினாவிற்கு ஓவியர் விடையளித்தனர். 1943இல் கொழும்பில் லயனல் வென்ற் முதலியோர் முயற்சியால் ‘நாற்பத்து மூன்றாம் குழு’ தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல முதலியோர் அதில் அங்கம் வகித்தனர். கீற், பிக்காசோ முதலிய ஐரோப்பியரின் கோட்டு முறையைக் கற்றவர். ஆயினும் பொரளை கோதமி விகாரையின் சுவர்களிற் புத்தர் வரலாற்றைத் தீட்டியபொழுது, அம்முறை இந்நாட்டுப் பொருளுக்கு ஏவல் செய்தது. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவரும் அவரே. இரவல் வாங்குதல் வேறு, செரித்துத் தன்னதாக்குதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

துணியில் இதனைச் செய்து காட்டியவர் பார்பரா சன்சோனி. நல்லாயன் கன்னியர் நடத்திய நெசவு நிலையங்களிற் பெண்களுக்கு வண்ணமும் வடிவமும் வகுத்தளித்த அவர், 1960களில் தமது கைத்தறி நிறுவனத்தை நிறுவினார். இலங்கையின் பழைய கட்டடங்களை வரைந்து நூலாகவும் வெளியிட்டார். அவர் நிறுவனத்தின் கொழும்பு நிலையத்திற் கைத்தறித் துணியும், புத்தகசாலையும், ஓவியக்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 2022இல் அவர் மறைந்தார்.

எனினும் குமாரசுவாமியின் கவலை நீங்கிற்றென்று கொள்வதற்கில்லை. அது உருமாறியே நிற்கின்றது. 1978இற் கட்டுநாயக்கவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், தைத்த ஆடை இலங்கையின் தலையாய ஏற்றுமதிகளுள் ஒன்றாயிற்று. அவர் காலத்தில் அயலார் நெய்த துணியை இந்நாட்டார் உடுத்தனர்; இன்று அயலார் உடுக்கும் ஆடையை இந்நாட்டுப் பெண்கள் தைக்கின்றனர். வத்தளையூடாகச் செல்லும் நீர்கொழும்பு வீதிக்கு இவ்வாணிகம் பழகிய காட்சியே. பல்லாயிரங் குடும்பங்களுக்கு அது சோறளிப்பது, இகழத்தக்கதன்று. ஆயினும் ஆடையின் வடிவத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் கடலுக்கப்பால் இருக்கின்றனர். தைக்கும் கைக்கு வரையும் உரிமையும் வாய்க்குமோ என்பதே இன்றைய வினா.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. அவ்வாடையை நெய்தவன் யார், அதன் வடிவத்தை எண்ணியவன் யார் என்று கேட்கத் தொடங்கும் மாணவன், நூலகத்திற் கற்கும் நூலையும் உடலில் அணியும் நூலையும் ஒருங்கே கற்றவனாவான்.